கள்ள மூச்சு

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மூழ்கவே மாட்டேங்கறீங்க.”

இயக்குநர் பிரவீன் முட்டிவரை பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கரையில் நின்று இதைச் சொன்னார். நான் எங்கள் ஊர் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தேன். கட்டம் போட்ட லுங்கி, கிழிந்த பனியன். காலையிலிருந்து ஏழு தடவை எடுத்தாகிவிட்டது. ஏழு தடவையும் நான் சாகவில்லை.

போன மார்கழியில் நடந்தது இது. அதாவது பத்திரிகையில் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்துப் பல வாரங்கள் ஆனபிறகு. பழைய கதையாகவே எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று நேற்றைய கதைக்கு ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

படத்தில் நான் ஒரு கூலிக்காரன். மூன்று பெண்களுக்குத் தகப்பன். நீச்சல் தெரியாதவன். ஏரியில் தவறி விழுந்து செத்துப்போகிறான், மீதிக் கதை அந்தச் சாவைச் சுற்றித்தான் நடக்கிறது. இருபது வருஷமாக வில்லனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு முதன்முறையாக ஒரு பெயர், ஒரு குடும்பம், நாலு பக்க வசனம். கதை கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சாகிற காட்சியை முதல் நாளே எடுக்கவேண்டிய கட்டாயம். பொங்கல் கழிந்தால் மதகு திறந்துவிடுவார்கள், ஏரி இறங்கிவிடும். முதல் நாள் என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆள் சரியில்லையென்றால் மாற்றிவிடலாம், நஷ்டம் ஒரு நாளோடு போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தயாரிப்பு மேலாளர் போனில் யாரிடமோ, “சாயங்காலத்துக்குள்ள ஷாட் வரலைன்னா அந்த இன்னொரு ஆர்ட்டிஸ்ட்ட ரெடியா இருக்கச் சொல்லுங்க” என்று பேசியது என் காதிலும் விழுந்தது. காதில் விழட்டும் என்றுதான் பேசினார்.

கரைமேல் ஊர்ச் சனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஒருத்தன் எழுந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

“யோவ் சூச! ஒலிம்பிக்கு போயி வந்தவன முழுவச் சொன்னா எப்டியா முழுவுவான்? மீனப் புடிச்சி தண்ணில அமுக்கற கதையால்ல கீது!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இடுப்பில் ஈயக்குண்டு பெல்ட் கட்டிப் பார்த்தார்கள். லுங்கி மடிப்பில் கல் வைத்துப் பார்த்தார்கள். நான் கையை உதறினேன், கத்தினேன், “ஐயோ காப்பாத்துங்க” என்றேன். ஆனால் தண்ணீருக்குள் போனதும் கால் இரண்டும் என்னைக் கேட்காமல் மிதிக்க ஆரம்பித்துவிடும். தலை தானாகப் பக்கவாட்டில் திரும்பி, சரியான நேரத்தில் மூச்சை இழுத்துக்கொள்ளும்.

பிரவீன் மானிட்டரில் அதை ஓட்டிக் காட்டினார். “பாருங்க சார், எவ்ளோ கரெக்டா மூச்சு எடுக்கறீங்க. சாகற மாதிரியே இல்ல. ரேஸ் போற மாதிரி இருக்கு.”

மணி மூன்றரை. ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் இருக்காது.

ஹீரோவின் முதுகு

தண்ணீர்தான் என்னைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது என்பதால் இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நீச்சலிலிருந்து ஓய்வு பெற்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த குமாஸ்தா வேலையில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கதாநாயகருக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். பெரிய ஓட்டலின் குளம். அவர் கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் வைத்தார், “ஜில்லுன்னு இருக்கே” என்றார், போய்விட்டார். அதோடு பாடம் முடிந்தது.

அந்தப் படத்தின் இயக்குநர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார். “முதுகு நல்லாருக்கே” என்றார். அப்படித்தான் நான் நடிகன் ஆனேன். படத்தில் ஹீரோ கடலில் குதித்து நீந்துகிற இடமெல்லாம் என் முதுகு.

உத்திரமேரூர் தியேட்டரில் படம் ஓடியபோது என் தங்கை மேரி எழுந்து நின்று, “அது எங்கண்ணன் முதுவுடா!” என்று கத்தியிருக்கிறாள். பின்வரிசைக்காரன், “குந்தும்மா, படம் தெரியல” என்றானாம். “இன்னா தெரியல? அதான் முதுவு தெரியுதே, பாத்துக்கோ” என்றாளாம்.

அதற்கப்புறம் முதுகிலிருந்து முன்பக்கத்துக்குப் பதவி உயர்வு. சட்டை போடாமல் நிற்பது, உறுமுவது, கடைசியில் கதாநாயகனிடம் அடி வாங்கி மேஜை உடைய விழுவது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனுஷனாக ஒரு வேஷம் வராதா என்று ஆசை மட்டும் இருந்தது. ஐம்பது வயதில் ஆசைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

எட்டில் ஏழு

ஒலிம்பிக் பற்றி எழுதும்படி இன்னும் கடிதங்கள் வருகின்றன. எழுத ஒன்றும் இல்லை, ஐயா. எட்டுப் பேர் குதித்தோம். நான் ஏழாவது. எட்டாவது ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே ஏறிவிட்டான். அவன் நல்ல பையன், அப்புறம் எனக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கித் தந்தான்.

நினைவில் நிற்பது குளோரின் வாடை. அடிவரைக்கும் தெரிகிற தண்ணீர். எங்கள் ஏரித் தண்ணீரில் முழங்கைக்குக் கீழே கை தெரியாது. அடி தெரிகிற தண்ணீரில் எனக்கு என்னவோ பயமாக இருந்தது, இன்றைக்கும் அது ஏன் என்று தெரியாது.

திரும்பி வந்தபோது டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். “இன்னா சூச, கப்பு இன்னா ஆச்சி?”

நான் வாயைத் திறக்கும் முன் மேரி பாய்ந்தாள். “அங்க போறதே கப்புதான். நீ செங்கல்பட்ட தாண்டிகிறியா?”

அவள் அப்படித்தான். என்னை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது.

ஒரு முட்டை

மேரி எனக்கு நாலு வயது இளையவள். இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். கரண்டி பிடித்துப் பிடித்துக் கை உரமேறிவிட்டது, வாய் அதற்கு முன்பே உரமேறியது. இடது தோளில் ஒரு நீளமான தழும்பு உண்டு. சின்ன வயதில் ஏரியில் மூழ்கியபோது மதகுக் கல்லில் கிழித்தது என்று வீட்டில் சொல்லுவோம். அன்றிலிருந்து அவள் கணுக்காலுக்கு மேல் ஏரித் தண்ணீரில் இறங்கியதில்லை.

நாங்கள் படித்தபோது பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போடுவார்கள். அது எப்பேர்ப்பட்ட நாள் என்பது, வீட்டில் கோழி வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். கோழி வளர்த்தாலும் முட்டை கடைக்குத்தான் போகும்.

மேரி தன் முட்டையைத் தின்னமாட்டாள். பாவாடை மடிப்பில் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுவாள்.

“நீ தானே என்ன தூக்கன?” என்பாள். “நீ துன்னு.”

நான் தின்பேன். மாவட்டப் போட்டிக்குப் போகும்வரை தின்றேன். மாநிலப் போட்டிக்குப் போகும்வரை தின்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து, நான் மென்று விழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணன்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

அவளிடம் எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி, பழையசீவரத்தில் பெருமாள் மலைமேல் எழுந்தருளும் திருநாளுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு புடவையும் பலகாரமும் பையில் போட்டுக்கொள்வாள்.

“மாதா கோயிலுக்குப் போறவளுக்கு மலைமேல பெருமாள்கிட்ட இன்னா வேல?” என்று கிண்டல் செய்வேன்.

“கூட்டம் பாக்கப் போறேன். உனக்கு இன்னா பேஜாரு?” என்பாள்.

மேரி சொன்னது

ஏழாவது டேக் முடிந்து நான் கரையேறி நடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். பள்ளிக்கூட வேலை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். கையில் பிளாஸ்க், முந்தானையில் ஒரு அவித்த முட்டை.

“இன்னாண்ணா இது, ஊறப்போட்ட அரிசியாட்டம் உன்ன தண்ணியிலயே வெச்சிக்கினு கீறாங்க?”

“முழுவ வர்லயாம் மேரி எனக்கு. வேற ஆள பாக்கப்போறாங்க.”

அவள் மானிட்டர் பக்கம் போனாள். பிரவீன் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். ஏழாவது டேக்கை முழுதும் பார்த்தாள். அதில் நான் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தேன்.

“முழுவறவங்க கத்தமாட்டாங்க” என்றாள். “வாயில தண்ணி இருக்க சொல்ல எப்டி கத்தறது?”

சொல்லிவிட்டு பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கரைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும்.

மூன்றாவது வாரம் எழுதியது

இந்தத் தொடரின் மூன்றாவது வாரத்தில், ஏழு வயதுத் தங்கையை ஏரியில் பாய்ந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து நான் கரைசேர்த்த கதையை எழுதியிருந்தேன். அந்த வாரம்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. ஓர் ஆசிரியை தன் வகுப்பில் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதையைத்தான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்து பி.டி. சாரும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் என்னை நீச்சலுக்குக் கூப்பிட்டனுப்பினார். அங்கிருந்துதான் எல்லாம்.

அது பொய்.

நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

ஏரியில் நாங்கள் விளையாடும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கவேண்டும். இன்னொருத்தர் கரையில் நின்று சத்தமாக எண்ணவேண்டும். கழுத்துவரை தலை வெளியே வந்தால்தான் எண்ணுவதை நிறுத்தலாம். சில பேர் ஏமாற்றுவார்கள். மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி ஒரு இழு இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடுவார்கள். அதற்குக் கள்ள மூச்சு என்று பெயர். கள்ள மூச்சு எடுப்பவர்களைக் கரையில் நிற்பவன் திட்டலாம், கேலி பண்ணலாம். ஆனால் எண்ணுவதை மட்டும் நிறுத்தக்கூடாது. அதுதான் ஆட்டத்தின் சட்டம்.

அன்றைக்கு மேரி முங்கினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஆடு மேய்ச்சல் நேரம், வெயில் முதுகில் சுட்டது. பத்து, பதினொண்ணு. அவள் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்விட்டிருந்தாள். காலுக்கு அடியில் பள்ளம் இருந்தது எனக்குத் தெரியாது.

இருபதுக்குப் பக்கத்தில் அவள் முகம் மேலே வந்தது. முகம் மட்டும். தலை பின்பக்கம் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடியது. முடி கண்ணை மறைத்திருந்தது, அதை ஒதுக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. உள்ளே போனாள். மறுபடி வந்தாள்.

“ஏய், கள்ள மூச்சு எடுக்கறியா?” என்று சிரித்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பது, முப்பத்தொண்ணு. இவ்வளவு நேரம் தாங்குகிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பத்தொண்ணு எண்ணும்போது கருவேல மரங்களுக்கு நடுவிலிருந்து, எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் அமராவதி அக்கா ஓடிவந்தது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. கையில் ஆட்டுக்குத் தழை இழுக்கிற துரட்டி இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு துரட்டியை நீட்டி, அதன் கொக்கியில் மேரியின் ரவிக்கையை மாட்டி இழுத்தது. தோளில் கிழித்தது அந்தக் கொக்கிதான். கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டியது. மேரி தண்ணீரைக் கக்கினாள். அப்புறம் அழுதாள்.

நான் அப்போதும் மடக்கிய விரலோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா எழுந்துவந்து என் கன்னத்தில் ஒன்று விட்டது.

“அறிவு கெட்டவனே! பொண்ணு சாவுது, எண்ணிக்கினா நிக்கிற?”

அதற்குள் மரங்களுக்கு அப்பால் சைக்கிள் மணி கேட்டது. ஏரிக்குள் இருந்த கருவேல மரங்களை ஏலம் எடுத்தவனின் ஆள். அதில் தழை ஒடிக்கக் கூடாது, காய் பொறுக்கக் கூடாது. பிடித்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிடுவான். அக்காவுக்கு இருந்தது நாலு ஆடு. புருஷன் இல்லை. அதுதான் பிழைப்பு.

“டேய் சூச, நான் இங்க வர்லடா. நீ தான் தூக்கனன்னு சொல்லிடு. என் பேரு வெளிய வந்துச்சி, என் பொயப்பு போயிடும்.”

சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மறைந்தது. நானும் அப்படியே சொன்னேன். அந்தப் பத்து நிமிஷம் அது அக்காவுக்காகச் சொன்ன பொய். சாயங்காலம் நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாரே, அப்போதிருந்து அது எனக்காகச் சொன்ன பொய்.

சில வருஷத்தில் அமராவதி அக்கா ஊரைவிட்டே போய்விட்டது. எங்கே போனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருந்தேன் என்பதுதான் உண்மை.

எட்டாவது டேக்

இப்போது உங்களுக்கு என் சிக்கல் புரிந்திருக்கும். சாகத் தெரியாது என்று நான் சொன்னது பொய். எப்படிச் சாகவேண்டும் என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். செய்தால் வேஷம் தங்கும். ஆனால் கரைமேல் மேரி உட்கார்ந்திருக்கிறாள். முடியைப் பிடித்து உடனே இழுத்தவன் அந்த முகத்தைப் பார்த்திருக்கமாட்டான். அவ்வளவு நேரம் நின்று பார்த்தவனுக்குத்தான் அது மனப்பாடம் ஆகும். அவள் முட்டாள் இல்லை.

“சார், ரெடியா? வெளிச்சம் போயிட்டிருக்கு” என்றார் பிரவீன்.

ஒரு நிமிஷம் வேஷமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. அப்புறம் இன்னொன்று தோன்றியது. எத்தனை வருஷத்துக்குத்தான் இதைத் தூக்கிக்கொண்டு அலைவது?

ஈயக்குண்டைக் கழற்றிப் போட்டேன். தண்ணீருக்குள் போனேன். காலை மிதிக்காமல் தொங்கவிட்டேன். அது லேசில்லை, தொடை நடுங்கியது. தலையைப் பின்னால் சாய்த்தேன். வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்தேன். கையைப் பக்கவாட்டில் அமுக்கினேன், அவள் அமுக்கினாளே, அதே மாதிரி. கத்தவில்லை. உள்ளே போனேன். வந்தேன். வாயில் பாசி வாடையோடு தண்ணீர் புகுந்தது. நெஞ்சு நிஜமாகவே அடைத்தது.

காது தண்ணீர் மட்டத்தில் இருந்ததால் கரைப் பேச்சு எல்லாம் கேட்டது.

“இன்னும் ஆரமிக்கலியா?” என்றார் ஒருத்தர்.

“எங்க, சும்மா மெதந்துக்கினு கீறாரு” என்றார் இன்னொருத்தர்.

பாதுகாப்புக்கு வைத்திருந்த நீச்சல்காரப் பையன் என் கை ஜாடைக்காகக் காத்திருந்தான். பிரவீன் நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு பேர் நின்று ஒருத்தன் மூழ்குவதைப் பார்த்தார்கள், யாருக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்தது.

“டேய்! பாத்துக்கினு நிக்கிறீங்களேடா! தூக்குங்கடா அவன!”

தண்ணீர் தெறிக்கிற சத்தம். நான் காலை ஊன்றி எழுந்தேன். மேரி ஏரிக்குள் நின்றிருந்தாள், இடுப்பளவு தண்ணீரில். புடவை அவளைச் சுற்றிக் குடை மாதிரி மிதந்தது.

“நான் நல்லாதாங்கீறேன் மேரி. நடிச்சேன்.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் முட்டை தின்றபோது பார்த்த அதே பார்வை.

பிரவீன் ஓடிவந்தார். “சார், நான் கட் சொல்லவே மறந்துட்டேன். நீங்க இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சேன் சார்.” தயாரிப்பு மேலாளர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். வேஷம் என்னுடையது ஆனது. அந்த நேரத்தில் அதற்கு நான் சந்தோஷப்படவில்லை.

நாற்பத்தொன்று

கருவேல மரத்தடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மேரி புடவையைப் பிழிந்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையில் இருந்த முட்டையை எடுத்துக் கல்லில் தட்டி, உரிக்க ஆரம்பித்தாள்.

“எவ்ளோ வரைக்கும் எண்ணுன?” என்றாள்.

பொய் சொல்ல நினைத்தேன்.

“நாப்பத்தொண்ணு.”

அவள் ஓட்டைத் துண்டு துண்டாக எடுத்துக் கீழே போட்டாள்.

“எனக்கு முப்பத்திரண்டு வரைக்கும்தான் கேட்டுச்சி.”

எதிரில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“தெரிஞ்சிக்கினேவா மேரி இத்தினி வருசம் முட்டைய குடுத்த?”

“அமராவதிக்காதான் தூக்குச்சின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். என் தோள்ல கொக்கி மாட்னது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாட்டியும் ‘நீ தானே என்ன தூக்கன’ன்னு உன்ன கேட்டேண்ணா. ஒரு வாட்டி இல்லன்னு சொல்லுவன்னு பாத்தேன்.”

உரித்த முட்டையை என் கையில் வைத்தாள்.

“நீ முட்டைய துன்ன.”

அந்த முட்டையை நான் இரண்டாகப் பிட்டேன். ஒரு பாதியை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே தின்றாள்.

பழையசீவரம்

இந்தப் பொங்கலுக்கு நானும் அவளோடு போனேன். மலைப்பக்கம் கூட்டம் நெரிந்தது. மேரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலாற்றை ஒட்டின தெருவில் ஒரு ஓட்டு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். அமராவதி அக்கா தன் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. முடி முழுக்க வெளுத்திருந்தது. நாலு ஆடு இப்போதும் கட்டியிருந்தது.

“இன்னாடி, அண்ணன இட்டுக்கினு வந்துட்ட?” என்று சிரித்தது. “படத்துல பாத்தேன்டா உன்ன. எப்ப பாத்தாலும் அடி வாங்கறியே!”

நான் காலில் விழப்போனேன். “ச்சீ, எய்ந்திரு” என்று துரத்தியது. பத்திரிகையில் எழுதியதைச் சொன்னேன். மாற்றி எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அக்கா மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு, தெருக்கோடிவரை ஒரு பார்வை பார்த்தது.

“அந்த ஏலக்காரன் இன்னும் கீறானா?”

“அவன் செத்து இருவது வருசம் ஆச்சிக்கா.”

“மெய்யாலுமா?”

“மெய்யாலுமே.”

“அப்ப எய்து” என்றது அக்கா.

எழுதிவிட்டேன். மூன்றாவது வாரத்து இதழை எடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு பேனா எடுங்கள். ஏரியில் இறங்கித் தங்கையை இழுத்தது என்று வரும் இடத்திலெல்லாம் என் பெயரை அடித்துவிட்டு அமராவதி என்று எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் படித்துக் காட்டிய ஆசிரியை அம்மா, நீங்கள் இதையும் படித்துக் காட்டவேண்டும். நான் அந்தக் கதையில் இல்லாமல் இல்லை. கரையில் நின்று ஒருத்தன் எண்ணிக்கொண்டிருந்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்று வரைக்கும்.